புசியாவில் எது நல்ல பள்ளி?

கென்யாவின் 47 கவுன்டிகளில் புசியாவும் ஒன்று. நம் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே உகாண்டா எல்லை, தெற்கே விக்டோரியா ஏரி. மக்காச்சோளம், மரவள்ளி, கொஞ்சம் கரும்பு, ஏரிக்கரையில் மீன்பிடிப்பு என்று ஓடும் பிழைப்பு. ஏரியை ஒட்டிய புடலாங்கிப் பகுதியில் நிசோயா ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுவது பழகிப்போன ஒன்று. பெரும்பாலான வீடுகளில் லூயா மொழியின் ஏதாவது ஒரு கிளையைப் பேசுவார்கள். வடக்கே டேசோ மக்கள்; அவர்கள் மொழிக்கும் லூயாவுக்கும் உறவே கிடையாது. முன்பு புசியாவும் டேசோவும் தனித்தனி மாவட்டங்களாக இருந்தன. 2010 அரசியலமைப்பின்படி கவுன்டி நிர்வாகங்கள் 2013இல் வந்தபோது இரண்டும் ஒன்றாயின.

இந்த ஊர்ப்பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. எந்தப் பள்ளி நன்றாக நடக்கிறது, ஏன் நடக்கிறது என்ற கேள்வியை 1990களின் நடுவிலிருந்து இங்கே ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்கள். வெறுமனே கேட்காமல், நூறு நூறு பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவி கொடுத்து, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் மைக்கேல் கிரெமரின் வேலை பெரும்பகுதி இந்த மண்ணில்தான் நடந்தது. அந்த முடிவுகளைப் படிக்கும்போது, பள்ளிகளை ஒப்பிட நாம் வழக்கமாகக் கையில் எடுக்கும் அளவுகோல் எந்தெந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரியவருகிறது. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

ஒற்றை எண்ணின் ஆட்சி

கென்யாவில் 1985 முதல் 2023 வரை எட்டாம் வகுப்பு முடிவில் கே.சி.பி.இ. என்ற பொதுத்தேர்வு இருந்தது. பிற்காலத்தில் மொத்தம் 500 மதிப்பெண். எந்த உயர்நிலைப் பள்ளியில் இடம், பெயர் பெற்ற தேசியப் பள்ளியா, பக்கத்து ஊர்ப் பள்ளியா என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகும். தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்தால் பள்ளியின் சராசரி. ஊரில் ஒரு பள்ளியைப் பற்றிப் பேசினாலே அந்த எண்தான் பேச்சு. தலைமையாசிரியரின் மானமும் அதில்தான்.

சராசரியை உயர்த்த இரண்டு வழி. ஒன்று, பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று சுலபம்: சரியாகப் படிக்காத பிள்ளைகளைத் தேர்வு எழுத விடாமல் பார்த்துக்கொள்வது. ஏழாம் வகுப்பிலேயே திரும்பப் படிக்க வைப்பது, தானாக நின்றுவிடட்டும் என்று விடுவது இதெல்லாம் கென்யப் பள்ளிகளில் நன்கு அறியப்பட்ட வழக்கங்கள். 40 பேர் சேர்ந்து 20 பேர் தேர்வெழுதிய பள்ளி, 40 பேரையும் எழுதவைத்த பள்ளியைவிடப் பட்டியலில் மேலே நிற்கும். நம்மூரில் நூறு சதவீதத் தேர்ச்சிக்காகப் பத்தாம் வகுப்பில் நடக்கும் சில வேலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுவதைக் கென்ய அரசு 2014இல் தடைசெய்ததற்கு இதுபோன்ற புகார்களும் ஒரு காரணம்.

ஏழா, பதினான்கா?

கிரெமர் கல்லூரி முடித்ததும் பக்கத்துக் ககமேகாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு ஆசிரியராக இருந்தவர். சில ஆண்டுகள் கழித்துக் கென்யா வந்தபோது, அங்கே ஒரு டச்சுத் தொண்டு நிறுவனத்தில் இருந்த நண்பர், உதவி செய்வதற்கு ஏழு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தார். ஏழுக்குப் பதில் பதினான்கு பள்ளிகளைத் தேர்ந்தெடு, முதலில் பாதிக்குக் கொடு, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கிரெமர் சொன்னாராம். அப்படித்தான் ஆரம்பம்.

அந்த முதல் பதினான்கு பள்ளிகளே ஒரு பாடம் கற்பித்தன. சீருடை, புத்தகம், வகுப்பறை என்று உதவி கிடைத்த ஏழு பள்ளிகளில் இடைநிற்றல் குறைந்தது. அதோடு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே மாறி வந்து வகுப்புகள் பிதுங்கின. ஆக, ஆண்டுக் கடைசியில் நீங்கள் அளப்பது ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த பள்ளியையே அல்ல. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதே மாறிவிட்டது.

சுவரில் மாட்டிய படங்கள்

அப்புறம் வந்தது விளக்கப்படங்களின் கதை. ஒப்பிடுதல் பற்றி யாராவது ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அறிவியல், கணிதம், உடல்நலம் பற்றிய பெரிய விளக்கப்படங்கள், சுவரில் மாட்டும் ஒரு வரைபடம். புத்தகத்தைவிட இவை மலிவு. ஒன்றை வாங்கினால் வகுப்பு முழுக்கப் பார்க்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் படம் புரியும். கேட்பதற்கு அருமையான யோசனை. முதலில் இருக்கிற பள்ளிகளை அப்படியே எடுத்து ஒப்பிட்டார்கள்: விளக்கப்படங்கள் உள்ள பள்ளிகள் ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம். வேறு வசதிகளின் தாக்கத்தையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். படம் உள்ள பள்ளிகளில் மதிப்பெண் ஒரு திட்ட விலகலில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் என்று வந்தது. கல்வி ஆய்வுகளில் இது சிறிய எண் அல்ல. இதை மட்டும் பார்த்த அதிகாரி யாராக இருந்தாலும் நாளைக்கே எல்லாப் பள்ளிக்கும் படம் வாங்கக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஆனால் 178 பள்ளிகளை எடுத்து, எது எப்படிப்பட்ட பள்ளி என்று பார்க்காமல் அதில் 89 பள்ளிகளுக்குப் படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் சுழியம். குறைந்த பலன் என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை.

காரணம் ரொம்பச் சாதாரணம். தானாக முன்வந்து விளக்கப்படம் வாங்கி வைக்கும் பள்ளி எப்படிப்பட்டது? அங்கே தலைமையாசிரியர் சுறுசுறுப்பாக இருப்பார். பெற்றோர் குழு காசு திரட்டித் தரும். ஆசிரியர் கேட்டு வாங்குவார். மதிப்பெண்ணை உயர்த்தியது அவர்கள்; பேர் சுவரில் தொங்கிய படத்துக்கு. இந்த வகை மனிதர்களின் அக்கறையை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் ஒரு கட்டத்துக்குள் அடைக்காது. அடைக்காததைக் கழிக்கவும் முடியாது. நம் ஊர்களிலும் ஸ்மார்ட் வகுப்பறை உள்ள பள்ளி, இல்லாத பள்ளி என்று அட்டவணை போடுகிறவர்கள் இந்த 178 பள்ளிகளின் கதையை ஒருமுறை படிக்கலாம்.

புத்தகம் யாருக்கு உதவியது

பாடப்புத்தகம் கொடுத்தால் படிப்பு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆங்கிலப் புத்தகம் இருபது பிள்ளைக்கு ஒன்றுகூடத் தேறாத வகுப்புகள் நிறைய இருந்த இடம் இது. நூறு பள்ளிகளில் முதல் 25க்கு 1996இல் புத்தகங்கள் போயின. ஆண்டு முடிவில் சராசரியில் மாற்றம் இல்லை.

இங்கேதான் சராசரியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மதிப்பெண் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. புத்தகம் இருந்தது ஆங்கிலத்தில். வீட்டில் லூயா, கடைத்தெருவில் ஸ்வாஹிலி, மூன்றாவதாகப் பள்ளியில் ஆங்கிலம். தாய்மொழியிலேயே வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் கையில் மூன்றாவது மொழிப் புத்தகத்தைக் கொடுத்தால் அது பையில்தான் இருக்கும். பாடத்திட்டமும் தலைநகர் நைரோபியின் வசதியான வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்து எழுதியதைப் போலத்தான் இருந்தது. அதைப் பின்தொடர முடிந்த சிலருக்குப் புத்தகம் உதவியது. பின்தங்கியவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஆகவே புசியாவில் இரண்டு பள்ளிகளின் சராசரி ஒன்றே என்றால், ஒன்றில் எல்லாரும் நடுவில் இருக்கலாம், இன்னொன்றில் ஐந்து பேர் மேலே போய் முப்பது பேர் தரையில் கிடக்கலாம்.

ஆசிரியருக்குக் கோட்டு சூட்டு

சரி, பொருள் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை, ஆசிரியரை ஊக்குவித்தால்? 1998, 1999 ஆண்டுகளில் 50 பள்ளிகளில் பரிசுத் திட்டம் வந்தது, இன்னொரு 50 பள்ளிகள் ஒப்பீட்டுக்கு. மாணவர் மதிப்பெண்ணை வைத்து, வென்ற பள்ளியில் நாலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை எடுக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் பரிசு. பணமாக அல்ல, பொருளாக: முதல் பரிசு ஒரு சூட்டு, அடுத்தது தட்டு, கண்ணாடிக் குவளை, கரண்டி வகையறா, அப்புறம் தேநீர்ச் செட்டு, கடைசியில் படுக்கை விரிப்பும் போர்வையும். மதிப்பு மாதச் சம்பளத்தில் 21 முதல் 43 சதவீதம்.

திட்டம் போட்டவர்கள் விவரமானவர்கள். அதிக மதிப்பெண் எடுத்த பள்ளி, அதிகம் முன்னேறிய பள்ளி என்று இரண்டு பிரிவு வைத்தார்கள். இல்லையென்றால் எப்போதும் மேலே இருக்கும் பள்ளிகளே பரிசை அள்ளிக்கொண்டு போகும். தேர்வு எழுத வராத பிள்ளைக்கு ஒரு குறைந்த மதிப்பெண் போட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். படிக்காத பிள்ளையை ஒதுக்கிவைக்கும் வித்தை பலிக்காமல் போயிற்று.

மதிப்பெண் ஏறியது. தேர்வு எழுத வந்தவர்கள் எண்ணிக்கையும் ஏறியது. பட்டியல் மட்டும் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முன்னறிவிப்பில்லாமல் பள்ளிக்குப் போய்ப் பார்த்தவர்கள் கண்டது வேறு. ஆசிரியர் வருகை கூடவில்லை. வீட்டுப்பாடம் கூடவில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையும் அப்படியேதான். கூடியது ஒன்றே ஒன்று: தேர்வுக்காக நடத்தும் தனி வகுப்புகள். பரிசோடு தொடர்புடைய தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. பரிசுக்குத் தொடர்பில்லாத, வேறு விதமாகக் கேள்வி கேட்ட தேர்வை அதே பிள்ளைகளிடம் கொடுத்தபோது உயர்வைக் காணோம். திட்டம் முடிந்த பின், பரிசோடு தொடர்புடைய தேர்விலும் அந்த உயர்வு நிற்கவில்லை.

இதை வைத்து, ஆசிரியருக்கு ஊக்கத்தொகையே வீண் என்று சிலர் எழுதிவிடுவார்கள். அவசரம். ஆந்திரப் பிரதேசத்தின் கிராமத்து அரசுப் பள்ளிகளில் 2005 முதல் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில் இரண்டாண்டு முடிவில் கணிதத்தில் 0.27, மொழியில் 0.17 திட்ட விலகல் உயர்வு கிடைத்தது. ஊக்கத்தொகைக்குத் தொடர்பில்லாத அறிவியல், சமூக அறிவியலிலும் உயர்வு. அங்கேயும் ஆசிரியர் வராத நாள்கள் குறையவில்லை என்பது வேடிக்கை; வந்த நாளில் கூடுதலாக உழைத்திருக்கிறார்கள். அங்கே மனப்பாடத்தைத் தாண்டிய கேள்விகள் தேர்விலேயே இருந்தன. பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப பணம் கிடைத்தது. என்ன தேர்வை வைத்து ஒப்பிடுகிறோமோ அதற்குத் தகுந்தபடி பள்ளி நடந்துகொள்ளும். புசியாவில் அது தேர்வு வித்தையாகப் போயிற்று, ஆந்திராவில் பாடமாகப் போயிற்று.

பூச்சி மாத்திரை

புடலாங்கி, ஃபுன்யுலா பகுதிகளின் 75 பள்ளிகள், முப்பதாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றில் புழு, அல்லது ஏரித் தண்ணீரால் வரும் நத்தைக் காய்ச்சல். 1998இல் 25 பள்ளிகள், 1999இல் இன்னும் 25, கடைசி 25க்கு 2001 என்று படிப்படியாகக் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். ஆய்வு எட்வர்ட் மிகெலும் கிரெமரும் செய்தது.

பள்ளிக்கு வராத நாள்கள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. மாத்திரை கொடுக்காத பள்ளிகளிலும், மாத்திரை கொடுத்த பள்ளிக்கு அருகில் இருந்தவற்றில், தொற்று குறைந்திருந்தது. புழு பரவுவது மண்ணாலும் நீராலும் என்பதால் பக்கத்து ஊருக்கும் பலன் போயிற்று. ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய தலைவலி: எதிர்ப்பக்கத்தில் வைத்த பள்ளியும் சேர்ந்து முன்னேறினால் வித்தியாசம் சிறுத்துத் தெரியும். மூலக் கணக்கில் பிழைகள் இருந்ததாக 2015இல் பெரிய சண்டையே நடந்தது. தூரத்துப் பள்ளிகளுக்கும் பலன் போனதாகச் சொன்ன பகுதி அதில் அடிவாங்கியது. அந்தச் சண்டையை இங்கே முழுக்கச் சொல்ல இடமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தேர்வு மதிப்பெண்ணில் மாத்திரையின் தடயமே இல்லை. சராசரிப் பட்டியலை நம்பியவர் இதையும் குப்பையில் போட்டிருப்பார். அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். இருபது ஆண்டு கழித்து, இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாக மாத்திரை பெற்றவர்களின் மணிக்கூலி 13 சதவீதம் அதிகம் என்று 2021இல் வெளியான முடிவு சொல்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வில் தெரியாத ஒன்று முப்பது வயதில் சம்பளத்தில் தெரிந்திருக்கிறது.

புசியா ஒன்று, டேசோ வேறு

ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் முதல் 15 சதவீதத்தினருக்கு ஏழு, எட்டாம் வகுப்புக்கு உதவித்தொகை என்று 2001இல் ஒரு திட்டம். பழைய புசியா மாவட்டத்தில் நன்றாகப் போயிற்று. உதவித்தொகை கிடைக்க வாய்ப்பே இல்லாத பெண் பிள்ளைகளும் முன்னேறினார்கள். போட்டியிலேயே இல்லாத பையன்களும் முன்னேறினார்கள். ஆசிரியர் வருகையும் கூடியது. பெற்றோர் வந்து வந்து கேட்டதால் ஆசிரியர்கள் வகுப்பில் இருந்தார்கள் என்பது ஒரு விளக்கம். முந்தைய பரிசுத் திட்டம் நேரடியாகக் குறிவைத்தும் கிடைக்காதது, இங்கே பக்கவாட்டில் கிடைத்தது.

பக்கத்து டேசோவில் அதே ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளியில் இடி விழுந்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்தோடு அந்தச் சாவைச் சேர்த்துப் பேசினார்கள் ஊரில். ஏற்கெனவே இருந்த அவநம்பிக்கை கூடியது. ஐந்து பள்ளிகள் விலகிக்கொண்டன. டேசோவில் பலனை அளக்கவே முடியவில்லை. ஒரே திட்டம், ஒரே தொகை, ஒட்டிக்கிடக்கும் இரண்டு மாவட்டம்.

2003க்குப் பிறகு

2003 ஜனவரியில் புதிய அதிபர் கிபாகியின் அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை ஒழித்தது. நாடு முழுக்கப் பள்ளிச் சேர்க்கை சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சமாகத் தாவியது. முதல் வகுப்பில் எண்பது, நூறு பிள்ளைகள். புசியாவை ஒட்டிய புங்கோமா பகுதிகளில் 2005இல் கூடுதலாக ஒப்பந்த ஆசிரியரை வைத்து வகுப்பைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். வகுப்பு சிறியதானதும் நிரந்தர ஆசிரியர்கள் சிலர் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் வகுப்பில் பெரிய பலனில்லை. ஒப்பந்த ஆசிரியர் வகுப்பில் பலன் இருந்தது. அதையே அரசு பெரிதாகச் செய்யப்போனபோது, தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் ஏறியது, அரசு அமைப்பு நடத்திய பள்ளிகளில் ஏறவில்லை.

பாடப்புத்தகக் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2015இல் தொடங்கிய டுசோமே என்ற தேசியத் திட்டம் முதல் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆங்கிலத்திலும் ஸ்வாஹிலியிலும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தது. ஆனால் புத்தகத்தோடு நிறுத்தவில்லை. அன்றன்றைக்கு என்ன பாடம் என்று ஆசிரியருக்கு வழிகாட்டி, மேற்பார்வையாளர் டேப்லெட்டோடு வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, எல்லாம் சேர்த்து. வாசிப்பு முன்னேறியது. 1996இல் உதவாத அதே பொருள், பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்தபோது உதவியது.

இலவசக் கல்விக்குப் பிறகு அரசுப் பள்ளிகளின் தரம் விழுந்துவிட்டது, தனியார்தான் ஒசத்தி என்று கென்யாவில் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். கட்டணம் போனதும் அதுவரை பள்ளி வாசலையே மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். வசதியுள்ளவர்கள் கூட்டம் தாங்காமல் தனியாருக்குப் போனார்கள். அந்த ஆண்டுகளில் தனியார் சேர்க்கை வேகமாகக் கூடியது. ஒரு ஆசிரியர்கூட மாறாமல், ஒரு பாடம்கூடக் கெடாமல், இந்த இடமாற்றம் ஒன்றே அரசுப் பள்ளியின் சராசரியைக் கீழே தள்ளியிருக்கும்.

இன்று புசியாவில் இரண்டு அரசுப் பள்ளிகளை ஒப்பிடச் சொன்னால் நான் முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்பேன்: முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம், பிள்ளைகள் வீட்டில் பேசுவது எது, ஏரி எவ்வளவு தூரம், பக்கத்தில் தனியார் பள்ளி எப்போது வந்தது. கடைசியாகத்தான் மதிப்பெண், அதுவும் ஒரே பிள்ளையின் இரண்டு வெவ்வேறு காலத்து மதிப்பெண்.

இந்தக் கடைசி விஷயம் இதுவரை கஷ்டமாக இருந்தது. கே.சி.பி.இ. எட்டாண்டுப் படிப்புக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் தந்தது. 2023 நவம்பரில் அந்தத் தேர்வு கடைசி முறையாக நடந்து முடிந்தது. புதிய பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேசிய மதிப்பீடு, ஏழு எட்டில் பள்ளியிலேயே நடக்கும் மதிப்பீடு, ஒன்பதாம் வகுப்பு முடிவில் இன்னொரு தேசிய மதிப்பீடு. மூன்றையும் முறையே 20, 20, 60 சதவீதமாகச் சேர்த்து மேல்நிலைப் பள்ளி இடம் கொடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பீடு 2025இல் முதல் முறையாக நடந்தது. 7 முதல் 9 வரையிலான வகுப்புகளும் பெரும்பாலும் அதே தொடக்கப் பள்ளி வளாகங்களில்தான் இயங்குகின்றன. ஆகவே அந்த மூன்றாண்டில் ஒரு பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்று பள்ளிவாரியாகப் பார்ப்பதற்கான பொருள் கென்யத் தேர்வு மன்றத்தின் கையில் இப்போது இருக்கிறது. கூட்டி ஒற்றை எண்ணாக்கி வெளியிடும் முன் யாராவது கழித்துப் பார்க்க வேண்டும்.